எட்டுப் பேருக்கு ஒரு வான்

நீரிழிவு உள்ளவரின் கால் நகத்தைக் கத்தரிக்கக் கூடாது. அராவ வேண்டும், அதுவும் ஒரே பக்கமாக. றீற்றா வெதுவெதுப்பான தண்ணீருக்குள் இருந்து கிழவியின் வலது காலைத் தூக்கித் தன் மடியில் விரித்திருந்த துவாயில் வைத்தாள். விரல்களுக்கு இடையில் ஈரம் தங்காமல் ஒற்றி எடுத்தாள். பிறகு பெருவிரலிலிருந்து அராவத் தொடங்கினாள்.

கிழவியின் பெயர் கொன்செற்றா. இத்தாலிக்காரி, எண்பத்துநான்கு வயது. பாரிசவாதம் வந்து இரண்டு வருடமாகிறது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சில் இருபது சொல் மிஞ்சியிருந்தது, பாதி இத்தாலியன், பாதி ஆங்கிலம். கனடாவில், கெனடி வீதிக்கு அருகே மகன் வாங்கிக்கொடுத்த வீட்டில் இருந்தாள். மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். மற்றபடி திங்கள் முதல் வெள்ளி வரை காலை எட்டு மணியிலிருந்து இரண்டு மணி வரை றீற்றாதான். அந்த மகன் சொல்லிக்கொடுத்தபடி அவளை 'சிஞ்ஞோரா', அதாவது அம்மணி, என்று கூப்பிடுவாள்.

சிஞ்ஞோராவுடன் றீற்றா தமிழில்தான் பேசினாள். எந்த மொழியில் பேசினாலும் பதில் வரப்போவதில்லை என்று முதல் மாதமே தெரிந்துபோயிற்று. பிறகு ஏன் ஆங்கிலத்தில் தடுக்கிக்கொண்டு நிற்க வேண்டும்? இந்த வருடம் முழுவதும் அந்த வீட்டில் பேசப்பட்டது ஒரே ஒரு விசயம். ஒக்ரோபர் எட்டாம் திகதி பாரிசில் இருந்து ஒரு வான் புறப்படும். லூர்து, பிறகு ஸ்பெயினுக்குள்ளால் பாத்திமா, லிஸ்பன், செவில், பார்சலோனா, கடற்கரையோடு மார்சேய், ஜெனோவா, பதுவை, அசிசி, கடைசியாக உரோமாபுரி. முப்பத்தோராம் திகதி திரும்பி வரும். இருபத்துநான்கு நாள். பதுவை என்ற இடம் வந்ததும் சிஞ்ஞோரா தலையை ஆட்டுவாள். அது அந்தோனியார் கோயில் உள்ள ஊர், அவளும் அந்தோனியாரின் ஆள்.

ஏன் ஒக்ரோபர் என்பதற்கு றீற்றாவிடம் காரணங்கள் இருந்தன. வெயில் தணிந்துவிடும், உடம்பு தாங்கும். திராட்சை பறித்து முடிந்து ரோட்டில் நெரிசல் குறையும். ஒக்ரோபர் பதின்மூன்று பாத்திமாவில் பெரிய திருநாள், அதற்குப் பன்னிரண்டாம் திகதி மாலையே போய்ச் சேர வேண்டும். அந்த வருடம்தான், தொண்ணூற்றெட்டில், இத்தாலி எல்லையிலும் கார்களை மறித்துப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்கள். பாரிசில் இருக்கும் தங்கை குடும்பத்திடம் இருப்பது அகதிப் பத்திரம். எல்லையில் மறிக்க மாட்டார்கள் என்றால் பாதிப் பயம் போனது.

பயணத்தைத் தொடங்கி வைத்தது அவள் அல்ல. தங்கை ஏஞ்சலாவின் கணவன் கிளிபோட், புதுவருட வாழ்த்துச் சொல்லத் தொலைபேசி எடுத்தவர், ஒருக்கால் எல்லாருமாக ஒரு வானில் போக வேண்டும் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னார். தொலைபேசியில் எல்லாரும் சொல்லுகிற பேச்சுத்தான். ஆனால் றீற்றாவிடம் ஒன்றைச் சொன்னால் அது வேலையாகிவிடும். அடுத்த நாளே மல்வேர்ன் நூலகத்துக்குப் போய் மூன்று புத்தகமும் ஒரு வரைபடமும் எடுத்துவந்தாள். வரைபடத்தின் இரவலை ஐந்து முறை புதுப்பித்தாள். ஆறாவது முறை அந்த நூலகப் பெண் சிரித்துக்கொண்டு, பழைய பிரதி ஒன்றைக் கழிக்கப் போகிறோம், நீயே வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டாள்.

மல்வேர்னில் அவள் இருந்தது வாடகைக் கட்டடம் ஒன்றின் பதினோராம் மாடி. ஒரு அறை, குசினி, ஒரு மேசை, இரண்டு கதிரை. இரண்டாவது கதிரையில் எப்போதும் உடுப்புக் கூடை இருக்கும். வரைபடத்தை மேசையில் விரித்தால் சாப்பிட இடம் இராது. ஆகவே மாசி மாதத்தில் இருந்து அவள் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டாள். பின்னேரம் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு குனிந்து, பூர்கோஸில் இருந்து சலமன்கா எத்தனை மணித்தியாலம், இடையில் எங்கே கழிப்பறை, எங்கே நிழல் என்று குறித்துக்கொண்டிருப்பாள். கீழே பஸ்கள் வேலைக்குப் போகிறவர்களையும் வருகிறவர்களையும் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி சுவரால் கேட்கும். எட்டு மாதம் இப்படிப் போயிற்று. அந்த எட்டு மாதத்தில் அவளுடைய கதவை யாரும் தட்டவில்லை, கட்டடக்காரன் ஒருமுறை கரப்பான்பூச்சி மருந்து அடிக்க வந்ததைத் தவிர.

அவளுக்கு ஆட்கள் இல்லாமல் இல்லை. ஊர்காவற்றுறையில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவளாகப் பிறந்தாள். தகப்பன் இறந்தபோது பத்தொன்பது வயது. மிசன் ஆசுப்பத்திரியில் வார்ட் வேலை பழகி, அந்தச் சம்பளத்தில் நாலு பேரைப் படிப்பித்துக் கட்டிக்கொடுத்தாள். அவளுக்கும் பேசி வந்தார்கள். ஒவ்வொரு முறையும் வீட்டில் யாருக்கோ வேறு ஒன்று அவசரமாக இருந்தது. எண்பத்தாறில் கனடாவுக்கு வந்து, ஆறு மாதம் வயோதிபரைப் பராமரிக்கும் படிப்பைப் படித்து, அன்றிலிருந்து மற்றவர்களின் அம்மாக்களைக் குளிப்பாட்டுகிறாள். நாற்பத்தொரு பேர் வரை அவள் கையால் குளித்திருப்பார்கள். அதில் பதினைந்து பேருக்கு மேல் இறந்துவிட்டார்கள். தம்பி அகஸ்ரின் யூனியன்வில்லில் நாலு அறை வீடு வாங்கியிருந்தான். நத்தாருக்குக் கூப்பிடுவான். அவன் வீட்டுக்கு பஸ் போகாது.

பயணத் திட்டத்தை அவள் எழுதிய விதம் அவளுக்குத் தெரிந்த விதம். வேலை இடத்துப் பராமரிப்புப் படிவம் போலவே கட்டங்கள் போட்டாள்: பெயர், வயது, குளிசை, எத்தனை மணிக்கு, சாப்பாட்டில் ஆகாதது, எவ்வளவு நேரம் தொடர்ந்து இருக்கலாம். கிளிபோட்டுக்கு இரத்த அழுத்தம். ஏஞ்சலாவுக்கு இடுப்பு. அவர்களுடைய மூத்த மகள் வளைவான ரோட்டில் சத்தி எடுப்பாள், ஆகவே அவளுக்கு முன் இருக்கை. மூத்த மகளின் மாப்பிள்ளை, இளைய மகள், கிளிபோட்டின் தம்பி வின்சன்ற், வின்சன்றின் மனைவி. சாரதி தனியாக மூவாயிரம் மைலுக்கு மேல் ஓட ஏலாது என்று வின்சன்றின் மைத்துனனையும் சேர்த்தார்கள். எட்டுப் பேர். ஒவ்வொரு திகதிக்கும் அரை மணிக்கு ஒரு வரி. அதைத் தபாலில் அனுப்பியபோது ஏஞ்சலா தொலைபேசியில் சிரித்தாள். "அக்கா, உது சுற்றுலாவோ ஆசுப்பத்திரியோ எண்டு பிள்ளையள் கேக்கினம்." றீற்றாவும் சிரித்தாள். ஆனால் ஒரு வரியையும் வெட்டவில்லை.

ஒரு காரியம் மட்டும் தனித் தாளில் இருந்தது. கிளிபோட்டின் தாய் படுக்கையில். நாலு வருடமாக எழுந்ததில்லை. அவளை வானில் ஏற்ற முடியாது. ஆகவே அவளுக்கு நாலு பக்கம் எழுதினாள்: இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், குதிக்காலுக்குக் கீழே தலையணை, சோற்றைக் குழைத்து ஒவ்வொரு கரண்டியும் விழுங்கிய பிறகே அடுத்த கரண்டி, முதுகில் சிவப்பாகக் கண்டால் தேய்க்கக் கூடாது. பாரிசில் பங்குக் கோயிலில் கேட்டால் பார்க்கிறதுக்கு யாராவது தமிழ்ப் பெண் கிடைப்பாள், அவளிடம் கொடுக்க என்று எண்ணி எழுதியது. 'பொறுப்பு' என்ற இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள்.

இப்போது ஓகஸ்ட் கடைசி. விமானச் சீட்டு எடுத்தாகிவிட்டது. நாலு கிழமை விடுமுறையும் கிடைத்தாகிவிட்டது. அன்று காலையில் சிஞ்ஞோராவின் வலது காலில் ஐந்து நகமும் அராவி முடித்ததும், றீற்றா கையைக் கழுவிவிட்டு, புதிதாகப் போட்ட படத்தைப் பையில் இருந்து எடுத்தாள். வானை மேலே இருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. முன்னால் இரண்டு கட்டம், நடுவில் மூன்று, பின்னால் மூன்று. ஒவ்வொரு கட்டத்திலும் ஆங்கில எழுத்தில் பெயர். சிஞ்ஞோராவுக்குப் படம் பார்ப்பது பிடிக்கும். அவளுடைய கதிரையின் தட்டுப் பலகையில் விரித்து, ஒவ்வொரு பெயராகத் தொட்டுக் காட்டினாள். இது ஏஞ்சலா. இது கிளிபோட், இங்கே இருந்து வானை ஓடுகிறவர். இது வின்சன்ற்.

சிஞ்ஞோரா இடது கையின் சுட்டுவிரலால் தானும் தொட்டுக்கொண்டு வந்தாள். எட்டாவது கட்டத்தில் விரல் நின்றது. பிறகு அந்த விரலை எடுத்து றீற்றாவின் நெஞ்சில் குத்தினாள். மறுபடி தாளில் வைத்து, கட்டம் கட்டமாகத் தேடினாள்.

"யூ?" என்றாள்.

றீற்றா குனிந்து பார்த்தாள். முன்னால் இரண்டு. நடுவில் மூன்று. பின்னால் மூன்று.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சோறு போடும்போது இப்படித்தான். பானைக்கு அரிசி அளக்கிற பெண்கள் வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணுவார்கள், தங்களை எண்ணுவதில்லை. அடியில் ஒட்டிக்கிடப்பது போதும் என்ற கணக்கு. அறுபத்தொரு வயது வரை அந்தக் கணக்கு அவளைப் பட்டினி போடவில்லை. ஆனால் வானில் அடியில் ஒட்டிக்கிடக்க இடம் இல்லை. எட்டு மாதம், திருப்பித் திருப்பி எழுதிய பதின்மூன்று பிரதி, அவள் பெயர் ஒன்றிலும் இல்லை.

இடது காலை நாளைக்குப் பார்ப்போம் என்று சிஞ்ஞோராவுக்குச் சொல்லி, காலுறையைப் போட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து சேர மூன்றரை மணி. பாரிசில் அப்போது இரவு ஒன்பதரை. தொலைபேசி அட்டையைச் சுரண்டி, இலக்கங்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். சேர்ந்து சிரிக்கத்தான் எடுத்தாள். ஏஞ்சலா எடுத்ததும், நல்ல பகிடி ஒன்று சொல்லுகிறேன் கேள், வானில் என்னைப் போட மறந்துவிட்டேன் என்றாள்.

மறுமுனையில் சிரிப்பு வரவில்லை.

"மறந்தனீங்களோ?" என்றாள் ஏஞ்சலா. "நாங்கள் அப்பிடி நினைக்கேல்லை, அக்கா."

"பின்னை என்னெண்டு நினைச்சனியள்?"

"நீங்கள் மாமியோடை நிக்கப் போறியள் எண்டு. நாலு பக்கம் எழுதி அனுப்பினனீங்கள்தானே. பேர் போடேல்லை. பேர் என்னத்துக்கு, அக்கா எண்டு தெரியும்தானே எண்டு இவர் சொன்னவர்."

பிறகு ஏஞ்சலா நிறையச் சொன்னாள். அவள் கெட்டவள் இல்லை. சொன்னதெல்லாம் அன்பாகவே சொன்னாள். அந்த நாலு பக்கத்தையும் வாசித்துவிட்டுக் கிளிபோட் கண் கலங்கினாராம். தன் சொந்தத் தங்கைகள் செய்யாததை இந்த அக்கா கேளாமலே செய்கிறாளே என்றாராம். மாமியிடமும் சொல்லியாகிவிட்டது, றீற்றா வருகிறாள் என்று மாமி நாள் எண்ணிக்கொண்டு கிடக்கிறாளாம். வான் சித்திரையிலேயே பேசி வைத்தது, எட்டு இருக்கை. ஒவ்வொரு இடத்திலும் இறங்கி அக்காவுக்கென்று ஒரு மெழுகுதிரி கொளுத்துவோம் என்று பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். கடைசியாக, கனடாவில் பெரியாக்களுக்குக் கட்டுகிற துணி நல்லதாமே, வரும்போது இரண்டு பெட்டி கொண்டுவர ஏலுமோ என்று கேட்டாள்.

"ஓம்," என்றாள் றீற்றா. "என்ன அளவு?"

அளவைக் கேட்டு எழுதினாள். அட்டையில் ஒரு நிமிடம் மிஞ்சியிருக்கிறது என்று ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் சொன்னது. இருவரும் சுகமாய் இரு என்று சொல்லி வைத்தார்கள்.

அவள் அழவில்லை. முதலில் கூடையில் இருந்த உடுப்புகளை மடித்தாள். பிறகு ஒரு பேணி அரிசி கழுவி அடுப்பில் வைத்தாள். சோறு வேகும்போது, பதின்மூன்று பிரதியையும் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவளுடைய எழுத்து நன்றாக இருந்தது, பிழை திருத்தம் இல்லை. குளிசை எடுக்கும் நேரங்கள் பார்சலோனாவில் கூடச் சரியாக இருந்தன. கோபிக்கிறதென்றால் யாரைக் கோபிப்பது? வெறுமையாக விட்ட இடத்தில் அவர்கள் அவளை எழுதிக்கொண்டார்கள். அவள்தான் அந்த இடத்தை விட்டாள். இவ்வளவு காலமும் அங்கே அவள்தான் நின்றாள், ஆகவே அவர்களுக்கு வேறு ஒரு பெயரும் வரவில்லை.

வானில் போகாமல் விட்டால் என்ன நடக்கும் என்றும் யோசித்தாள். ஒன்றும் நடக்காது. பாரிசில் ஒரு அறையில் இருபத்துநான்கு நாள் ஒரு கிழவியைப் புரட்டுவாள். இங்கே செய்வதை அங்கே செய்வாள். கிழவி நல்லவள். முதுகில் புண் வராது, அதற்கு றீற்றா பொறுப்பு. பாத்திமாவில் இருந்து ஒரு போத்தல் தண்ணீர் வரும். ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அவளுக்கு நேர்த்திக்கடன் ஒன்றும் இல்லை. அற்புதம், புதுமை கேட்டுப் போகவும் இல்லை. ஒரு யன்னலோரத்தில் இருக்க வேண்டும், வான் ஓட வேண்டும், வெளியே ஒலிவ் மரங்கள் போக வேண்டும், யாருக்கு என்ன வேண்டும் என்று திரும்பிப் பார்க்காமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சிஞ்ஞோராவிடம் சொல்லியிருக்கிறாள், தமிழில்.

அடுப்படியில் நின்று சாப்பிட்டாள். சோறு மிஞ்சியது. ஒரு ஆளுக்கு அளக்க அவளுக்கு இன்னமும் வரவில்லை. குளிர்ப்பெட்டியின் கதவில் ஒரு படிவம் காந்தத்தால் ஒட்டியிருந்தது. வேலைக் கந்தோர் கேட்டது, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று. ஒரு மாதமாக அங்கே கிடக்கிறது. அந்த இடமும் வெறுமை. அதை எடுத்து, பேனையோடு மேசையில் வைத்துவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழும்பினாள். தேத்தண்ணீர் போட்டாள். இரண்டாவது கதிரையில் இருந்த உடுப்புக் கூடையை இறக்கிக் கீழே வைத்தாள். புதுத் தாள் ஒன்று எடுத்துக் கட்டங்கள் கீறி, முதல் வரியில் எழுதினாள்: றீற்றா. அறுபத்தொன்று. காலையில் அழுத்தக் குளிசை ஒன்று. வலது முழங்கால் நோவு, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும். யன்னல். அதற்குக் கீழே மற்ற எட்டுப் பேரையும் எழுதினாள். பிறகு வேறு ஒரு தொலைபேசி அட்டையைச் சுரண்டினாள். பாரிசில் பதினொன்றரை. புதன்கிழமை கிளிபோட்டுக்கு வேலை இல்லை, அது அவளுடைய அட்டவணையிலேயே இருந்தது.

கிளிபோட் எடுத்தார். அக்கா, சுகமா என்றார். வான் ஒன்பது பேருக்கு எடுக்க வேண்டும் என்று றீற்றா சொன்னாள். அதே சாரதி அனுமதிப்பத்திரத்தோடு ஒன்பது இருக்கை வானும் ஓடலாம், புத்தகத்தில் பார்த்தாகிவிட்டது என்றாள்.

"அப்ப அம்மாவை ஆர் பாக்கிறது, அக்கா?"

"ஆளைப் பிடியுங்கோ. பங்கிலை கேளுங்கோ. நான் ஒரு கிழமை முந்தி வந்து, அந்த ஆளைப் பழக்கி விடுறன். அந்த நாலு பக்கமும் அந்த ஆளுக்குத்தான் எழுதினது."

"ஆள் கிடைக்காட்டி?"

"கிடைக்காட்டி ஒன்பது பேரிலை ஆரும் ஒருத்தர் நிக்க வேணும்தான். நில்லுங்கோ எண்டு நான் ஒருத்தரையும் சொல்ல மாட்டன். ஆனால் நான் நிக்கேல்லை, கிளிபோட். நான் இவ்வளவு காலமும் நிண்டிட்டன்."

அவர் ஏஞ்சலாவோடு கதைத்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். குரல் மாறித்தான் இருந்தது. அந்த இருபத்துநான்கு நாளில் முதல் இரண்டு மூன்று நாள் வானில் தன்னோடு யாரும் அதிகம் பேச மாட்டார்கள் என்று றீற்றாவுக்குத் தெரிந்தது. ஒருவேளை கடைசி வரைக்கும் பேசாமலும் விடலாம். பேச்சு இல்லாமல் இருக்க அவளுக்குப் பழக்கம். துணிப் பெட்டி இரண்டும் கட்டாயம் கொண்டுவருவேன் என்று மாமிக்குச் சொல்லச் சொல்லிவிட்டு வைத்தாள்.

மேசையில் கிடந்த படிவத்தில் அவசர இடத்துக்கு அகஸ்ரினின் இலக்கத்தை எழுதினாள். அவனுக்கு இன்று பின்னேரம் எடுத்துச் சொல்ல வேண்டும். ஏழு மணிக்கு முந்திய பஸ்ஸைப் பிடித்தாள். போகிற வழியில், விமானச் சீட்டு எடுத்த கடையின் இலக்கத்தைக் கையில் குறித்துக்கொண்டாள், திகதி மாற்றுவதற்கு. விடுமுறையும் ஒரு கிழமை கூட்டிக் கேட்க வேண்டும். தரமாட்டார்கள் என்றால் அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

எட்டு மணிக்குச் சிஞ்ஞோராவை எழுப்பி, முகம் துடைத்து, ஓட்ஸ் கஞ்சி பருக்கி, கதிரையில் இருத்தினாள். புதுப் படத்தைத் தட்டுப் பலகையில் விரித்தாள். முன்னால் மூன்று கட்டம், நடுவில் மூன்று, பின்னால் மூன்று. சிஞ்ஞோராவின் விரல் தேடிப் போய், நடு வரிசையில் வலது ஓரக் கட்டத்தில் நின்றது. அங்கே நின்று அசையவில்லை.

"ஓம், அதுதான்," என்றாள் றீற்றா.

பிறகு பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, முழங்கையால் சூடு பார்த்து, இடது காலை எடுத்து உள்ளே வைத்தாள்.